வெளுத்த வானம்

நாகல் நகரில் ஒரு மொட்டை மாடியில் நின்று, நடுப்பகலில் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் படம் பிடித்தோம். பாறை தெளிவாக விழுந்தது. ஆகாயமோ வெறும் வெள்ளை. படம் திருத்தும் வித்தையைப் பொழுதுபோக்காகக் கற்றுவரும் நமக்கு ஒரு சபலம்: கணினியில் வேறோர் ஆகாயத்தை ஒட்டிவிட்டால் என்ன?

1858-ல் மதுரைக் கோயிலைப் படம் பிடித்த காப்டன் லின்னேயஸ் டிரைப் இச்சங்கடத்தை முன்பே அறிந்தவர். அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை மிகையாகப் பற்றியதால், அச்சில் வானம் வெளுத்துப் போகும். 1855-ல் பர்மாவில் எடுத்த காகித நெகடிவ்களில் அவர் தம் கையாலேயே மேகம் தீட்டினார்.

அவருக்கு வேறு வழியில்லை; நமக்கு உண்டு. மறுநாள் வானத்துக்கேற்ப ஒளியைக் குறைத்துப் படம் எடுத்து, இருண்டிருந்த பாறையை மட்டும் கணினியில் தெளிவாக்கினோம். மேகம் நம் ஊர் மேகமாகவே நின்றது. நேயர்களே, நாளை நம் பேரக்குழந்தைகள் பார்க்கப் போகும் படத்தில் அன்றைய வானமே இருக்கட்டும்!