வேலையில்லாதோர் எத்தனை பேர்?

முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தேறியதும் எங்கள் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தேன். இன்றும் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். ஆண்டில் பெரும்பகுதி டில்லியில் படிப்பு. சென்ற கோடை விடுமுறையில் இருபது நாள் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தேன். நான் வேலை உள்ளவனா, இல்லாதவனா?

அரசாங்கக் கணக்குகளில் மூன்று விடைகள் உண்டு. அலுவலகப் பதிவேட்டில் நான் வேலை தேடுபவன். வீடு வீடாகச் சென்று எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில், ஓராண்டு நிலையைக் கேட்டால் நான் மாணவன். கடையில் முப்பது நாள் இருந்திருந்தால் அங்கும் உழைப்பாளியாகியிருப்பேன். முந்திய ஏழு நாட்களின் நிலையைக் கேட்டாலோ, ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும், வேலை உள்ளவன்! குடும்பத் தொழிலாயின் கூலி வாங்கியிருக்கவும் வேண்டுவதில்லை.

இவற்றுள் எதுவும் பொய்யன்று, அளவுகோல்தான் வேறு. ஒரு மணி நேர விதியும் நாம் மட்டும் வகுத்ததன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழக்கமும் அதுவே. சொந்தத் தொழிலும் குடும்ப உழைப்பும் மிகுந்த நம் நாட்டின் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்க இயலாது என்று தந்த்வாலா குழு 1970-லேயே கூறிற்று. அதனாலன்றோ 1972-73 முதல் பல அளவுகளால் கணக்கெடுக்கலாயினர்!

அப்படியானால் நம்பிக்கை எங்கே குலைந்தது? 2017-18 கணக்கெடுப்பின் அறிக்கை குறித்த காலத்தில் வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி. சி. மோகனனும் மற்றோர் உறுப்பினரும் பதவி விலகினர். அறிக்கையின் எண்கள் செய்தித்தாளில் கசிந்தன. தேர்தல் முடிந்து, மே 31-இல் அரசு வெளியிட்டபோதும் வேலையின்மை அதே நூற்றுக்கு 6.1 தான். 2011-12-இல் அது 2.2. முறை மாறியதால் இரண்டையும் ஒப்பிடலாகாது என்றது அரசு. அவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் அதை அறிக்கையோடு உரிய நாளிலேயே சொல்லியிருக்கலாமே! கணக்கின் குறையைப் பொறுக்கலாம். கணக்கைப் பூட்டி வைப்பதைப் பொறுக்கலாகாது.

2023-24-இல் வேலையின்மை 3.2 ஆகக் குறைந்தது. உழைப்போர் தொகையில் சேர்ந்த பெண்கள் 2017-18-இல் நூற்றுக்கு 23.3, 2023-24-இல் 41.7. மகிழ்ச்சியே. ஆனால் அவர்களுள் பலர் சொந்த நிலத்திலும் கடையிலும் சம்பளமின்றி உதவுவோர். அதே ஆண்டில் 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 10.2. நம் வயது அதுதான்!

ஆகவே எண்ணை வணங்கவும் வேண்டாம், எள்ளவும் வேண்டாம். யாரை எண்ணினர், எந்தக் காலத்துக்கு, ஊதியம் உண்டா என்று கேட்டுப் பழகுவோம்.

என் அண்ணன் பி.எஸ்ஸி. தேறி மூன்றாண்டாகிறது. அதே கடையில் சம்பளமின்றி இருக்கிறார். கணக்கெடுப்பவர் வந்தால் அவரை வேலை உள்ளவர் என்றே குறிப்பார். அம்மாவைக் கேட்டால், "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை" என்பார்.