மருந்தாய்வுத் தொடர்பாடல் பதிவுகள்

மருந்தாய்வுத் தொடர்பாடல் பதிவுகள் என்பவை, ஒரு மருந்தை மனிதரிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வின்போது அதன் புரவலர், ஆய்வாளர், உள்ளகக் குழுக்கள் ஆகியோரிடையே நிகழும் கடிதப் போக்குவரத்து, மின்னஞ்சல், கூட்டம், தொலைபேசி உரையாடல் ஆகியவற்றுக்குச் சான்றாகப் பேணப்படும் ஆவணங்கள் ஆகும். ஆய்வில் பங்கேற்பவருக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தை யார், எந்த நாளில் அறிந்தார், அறிந்தபின் என்ன செய்தார் என்னும் வினாவிற்கு விடை தருபவை இப்பதிவுகளே. ஆகவே இவை அலுவலக நடைமுறையாக மட்டுமன்றி, பங்கேற்பாளரின் பாதுகாப்பிற்கான ஏற்பாடாகவும் கருதப்படுகின்றன.

தொடர்புகொள்ளும் தரப்புகள்

மருந்தாய்வைத் தொடங்கி, அதற்கான பொறுப்பையும் நிதி ஏற்பாட்டையும் ஏற்கும் நிறுவனம் அல்லது தனியாள் புரவலர் (ஸ்பான்சர்) எனப்படுவர். பெரும்பாலும் இது ஒரு மருந்து நிறுவனமாக இருக்கும். பல்கலைக்கழகமோ அரசு அமைப்போ புரவலராக அமைவதும் உண்டு. மருத்துவமனையில் ஆய்வை நேரடியாக நடத்தும் மருத்துவர் முதன்மை ஆய்வாளர் ஆவார். புரவலர் தம் பணிகளில் சிலவற்றை ஒப்பந்த ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். அந்நிறுவனத்தின் கண்காணிப்பாளர் மருத்துவமனைக்கு நேரில் சென்று பதிவேடுகளைச் சரிபார்ப்பார்.

உள்ளகக் குழுக்கள் இரு பக்கங்களிலும் உள்ளன. மருத்துவமனையில் துணை ஆய்வாளர்கள், ஒருங்கிணைப்பாளர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர் ஆகியோர் உள்ளனர். புரவலரிடம் மருத்துவ ஆலோசகர், மருந்துப் பாதுகாப்புப் பிரிவு, தரவு மேலாண்மைப் பிரிவு, புள்ளியியலாளர், தர உறுதிப் பிரிவு ஆகியவை உள்ளன. இவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு நகரங்களிலும் நாடுகளிலும் பணியாற்றுவதால், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய எழுத்துப் பதிவு இன்றியமையாததாகிறது.

பதிவின் தேவை

பின்வருவது ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஆய்வு மருந்தை உட்கொள்ளும் ஒருவரின் குருதிச் சோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்திருக்கிறது. ஆய்வாளர் புரவலரின் மருத்துவ ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். மறுசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வைக்குமாறு ஆலோசகர் கூறுகிறார். இவ்வுரையாடல் எழுதி வைக்கப்படாவிடின், மறுவாரம் பணியில் இருக்கும் வேறொரு மருத்துவர் அதனை அறியாமல் மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். பிற மருத்துவமனைகளிலும் இதே மாற்றம் காணப்படுகிறதா என்று பாதுகாப்புப் பிரிவினர் தேடிப் பார்க்கும் வாய்ப்பும் இழக்கப்படும்.

நெறிமுறைகள்

மருந்தாய்வுகளை நடத்துவதற்கான பன்னாட்டு வழிகாட்டியான ஐ.சி.எச். இ6 எனப்படும் நன்மருத்துவ ஆய்வு நடைமுறை 1996 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 2016 இல் அதன் இரண்டாம் திருத்தமும் 2025 சனவரியில் மூன்றாம் திருத்தமும் வெளியாயின. 1996 ஆம் ஆண்டு வழிகாட்டியின் எட்டாம் பிரிவு, ஆய்வின் இன்றியமையா ஆவணங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், தொலைபேசி உரையாடல் குறிப்புகள் ஆகியவை தனி உருப்படியாக இடம்பெற்றன. ஆய்வு நிருவாகம், ஆய்வுத் திட்ட மீறல், ஆய்வு நடத்தும் முறை, பாதக நிகழ்வுகளை அறிவித்தல் ஆகியவை பற்றிய உடன்பாடுகளையும் முக்கிய உரையாடல்களையும் ஆவணப்படுத்துவதே இதன் நோக்கம். ஆய்வாளர், புரவலர் ஆகிய இருவரின் கோப்புகளிலும் இவை இருத்தல் வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

பதிவு செய்யப்பட வேண்டியவை

எல்லா மின்னஞ்சல்களையும் சேமிப்பது இதன் நோக்கமன்று. கூட்ட நேரத்தை மாற்றுவது போன்ற அன்றாடச் செய்திகளுக்கிடையே முக்கிய முடிவுகள் புதைந்துவிட்டால் கோப்பு பயனற்றதாகிவிடும். பொதுவாகப் பின்வருவன பேணப்படுகின்றன:

* பங்கேற்பாளரின் தகுதி, மருந்தளவு, மருந்தை நிறுத்துதல் பற்றிய வினாக்களும் விடைகளும்
* ஆய்வுத் திட்டத்திலிருந்து விலகிய நிகழ்வுகளும் அவற்றுக்கான திருத்த நடவடிக்கைகளும்
* கடுமையான பாதக நிகழ்வுகளை அறிவித்ததற்கும் அவ்வறிவிப்பு பெறப்பட்டதற்கும் சான்றுகள்
* கண்காணிப்பு வருகையின் முடிவுகளும் அவற்றுக்கு ஆய்வாளர் அளித்த மறுமொழிகளும்
* பொறுப்புகளைப் பிறரிடம் ஒப்படைத்தல் பற்றிய உடன்பாடுகள்

பதிவின் கூறுகள்

நல்ல பதிவில் நாள், நேரம், ஆய்வின் எண், இரு தரப்பினரின் பெயரும் பொறுப்பும், பேசப்பட்ட பொருள், எடுக்கப்பட்ட முடிவு, அடுத்து யார் எதை எந்நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது, பதிந்தவரின் கையொப்பம் ஆகியவை இருக்கும். தொலைபேசியில் பேசியபின் அதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலில் எழுதி மறுதரப்பின் ஒப்புதலைப் பெறுவது நல்ல வழக்கம் ஆகும். இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருப்பின் அது அப்போதே வெளிப்படும்.

பதிவை நிகழ்வு நடந்த உடனே எழுதுவதே முறை. தாமதமாக எழுத நேர்ந்தால், நிகழ்வு நடந்த நாளையும் எழுதப்பட்ட நாளையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். முன்நாளிட்டு எழுதுவது பொய்யாவணம் உருவாக்குவதாகவே கருதப்படும்.

புரவலருக்கு அனுப்பப்படும் செய்திகளில் பங்கேற்பாளரின் பெயரோ முகவரியோ இடம்பெறாது. அவருக்கு வழங்கப்பட்ட குறியீட்டு எண்ணே பயன்படுத்தப்படும்.

உள்ளகப் பதிவுகளும் மறைப்பு முறையும்

பல ஆய்வுகளில் யாருக்கு ஆய்வு மருந்து, யாருக்கு ஒப்பீட்டு மருந்து தரப்படுகிறது என்பது பங்கேற்பாளருக்கும் ஆய்வாளருக்கும் மறைக்கப்படும். எனினும் மருந்தை ஆயத்தம் செய்யும் மருந்தாளுநர் போன்ற சிலர் அதனை அறிந்திருக்க நேரலாம். அவர்களுடைய தொடர்பாடல்கள் ஆய்வு முடியும்வரை பிறர் காண இயலாத தனிக் கோப்பில் வைக்கப்படும். தரவுகளையும் பாதுகாப்பையும் மீளாய்வு செய்யும் தனிக்குழுவின் கூட்டங்களிலும் திறந்த அமர்வு, மூடிய அமர்வு எனக் குறிப்புகள் இருவகையாக எழுதப்படுகின்றன. கவனமின்றி அனுப்பப்படும் ஒரே மின்னஞ்சல் இம்மறைப்பைக் குலைத்துவிடக்கூடும். எதைப் பதிவு செய்வது என்பதைப் போலவே, அதை யார் பார்க்கலாம் என்பதும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட வேண்டியதாகும்.

கால எல்லைகள்

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, கடுமையான பாதக நிகழ்வை ஆய்வாளர் 24 மணி நேரத்திற்குள் உரிம அதிகாரி, புரவலர், நெறிமுறைக் குழு ஆகிய மூவருக்கும் அறிவிக்க வேண்டும். தவறினால் தாமதத்திற்கான காரணத்தை உரிம அதிகாரி ஏற்கும்வண்ணம் விளக்க வேண்டும். அமெரிக்காவில், எதிர்பாராததும் மருந்துடன் தொடர்புடையதெனச் சந்தேகிக்கப்படுவதுமான கடுமையான விளைவைப் புரவலர் 15 நாட்களுக்குள்ளும், அது உயிரிழப்பை ஏற்படுத்தியதாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருப்பின் 7 நாட்களுக்குள்ளும் உணவு மற்றும் மருந்து நிருவாகத்திற்கு அறிவிக்க வேண்டும். இக்கால எல்லைகள் காக்கப்பட்டனவா என்பதை, செய்தி அனுப்பப்பட்ட நேரமும் பெறப்பட்ட நேரமும் பதிவாகியிருந்தால் மட்டுமே உறுதிசெய்ய முடியும்.

கீட்டெக் ஆய்வு

தொடர்பாடல் பதிவுகளின் முக்கியத்துவத்தை உணர்த்தும் நிகழ்வாக, கீட்டெக் என்னும் வணிகப் பெயர் கொண்ட தெலித்ரோமைசின் நுண்ணுயிர் எதிர்ப்பி பற்றிய 3014 எண்ணுள்ள ஆய்வைக் குறிப்பிடலாம். அவென்டிசு நிறுவனம் புரவலராக இருந்த இவ்வாய்வில் 24,000 இற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அலபாமா மாநிலத்தில் ஒரே மருத்துவர் 400 இற்கும் மேற்பட்டோரைச் சேர்த்திருந்தார். அவர் தரவுகளைப் புனைந்தது கண்டறியப்பட்டு, 2004 இல் 57 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

புரவலர் இதனை எப்போது அறிந்தார் என்பதே பின்னர் எழுந்த வினா. அம்மருத்துவரிடத்தில் கண்ட குறைகளைத் தாம் மின்னஞ்சலில் எழுதி அனுப்பியதாகவும், புரவலருடனான தொலைபேசிக் கூட்டத்தில் எடுத்துரைத்ததாகவும் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் ஒருவர் 2007 இல் அமெரிக்கக் காங்கிரசுக் குழுவின் முன் சாட்சியளித்தார். மோசடி நடந்ததை அப்போது அறிந்திருக்கவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2007 பெப்ரவரியில், கல்லீரல் பாதிப்பு உள்ளிட்ட அபாயங்களைக் கருதி, இம்மருந்துக்கு ஏற்கப்பட்டிருந்த மூன்று பயன்பாடுகளில் இரண்டு நீக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் உணவு மற்றும் மருந்து நிருவாகம் புரவலர் நிறுவனத்திற்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2008 இல் நடந்த காங்கிரசு விசாரணையும் நிறுவனம் எதை அறிந்திருந்தது என்பதையே மையமாகக் கொண்டது.

பதிவு இருந்தால் மட்டும் போதாது; அதில் எழுப்பப்பட்ட ஐயத்திற்கு யார் விடையளிக்க வேண்டும், அவ்வாறு விடையளிக்கப்பட்டதா என்பதும் பதிவாக வேண்டும் என்பது இந்நிகழ்விலிருந்து பெறப்படும் பாடம் எனலாம்.

மின்னணுப் பதிவுகளும் பேணும் காலமும்

மின்னணுப் பதிவுகளுக்கும் கையொப்பங்களுக்குமான அமெரிக்க விதிகள் 1997 இல் வெளியாயின. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் காட்டும் மாற்றத் தடம் இவற்றின் முக்கியக் கூறாகும். தனிப்பட்ட கைப்பேசிகளில் செய்திச் செயலிகள் வழியே பரிமாறப்படும் செய்திகள் ஆய்வுக் கோப்பைச் சென்றடையாமல் போவது தற்காலச் சிக்கல்களுள் ஒன்று. பணியாளர் விலகும்போது அவருடைய அஞ்சல் பெட்டியுடன் பதிவுகளும் மறைந்துவிடும் வாய்ப்புள்ளதால், முக்கிய அஞ்சல்களை உடனுக்குடன் ஆய்வின் முதன்மைக் கோப்பிற்கு மாற்ற வேண்டும்.

பேணும் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 ஆம் எண் ஒழுங்குவிதி, ஆய்வு முடிந்தபின் குறைந்தது 25 ஆண்டுகள் முதன்மைக் கோப்பைப் பேணக் கோருகிறது. அமெரிக்க விதிகளின்படி மருந்துக்கு விற்பனை ஒப்புதல் கிடைத்தபின் 2 ஆண்டுகள் ஆய்வுப் பதிவுகளைப் பேண வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* அறிந்தேற்பு ஒப்புதல்
* நெறிமுறைக் குழு
* மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு