நமுத்த அப்பளமும் நழுவாத அரிவாளும்

மந்தைவெளியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தியாகராய நகர்க் கடையொன்றில், சாதாரணக் கத்தியைப்போல் மும்மடங்கு விலை கொடுத்து, ‘நானோ க்ரிப்’ என்று பளபளக்கும் எழுத்தில் அச்சிட்ட அட்டையோடு அவர் வாங்கி வந்த சமையல் கத்தி, கை உலர்ந்திருக்கும் வரையில் சாதுவாக இருந்துவிட்டு, பரங்கிக்காயின் சாறோ மீனின் கொழகொழப்போ பட்ட மறுகணமே விலாங்கைப்போல் நழுவுகிறதாம். அவர் வீட்டுத் தெருமுனையில் இளநீர் விற்பவரோ, பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாகக் கிழித்துப் பிடியில் சுற்றிய அரிவாளைக் கொண்டு, சித்திரை வெயிலில் முழங்கை வழியே வியர்வை சொட்டச் சொட்ட, காலை முதல் மாலைவரை காய் சீவுகிறார். ஒருநாளும் அது அவர் கையை விட்டுப் போனதில்லையாம். இதில் விஞ்ஞானம் யார் கையில் இருக்கிறது என்பது அம்மையாரின் கேள்வி.

அட்டையின் கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். நானோ என்பது ஓர் அளவின் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்க வந்த முன்னொட்டு. அதற்கு மேல் அந்தச் சொல்லில் மகிமை ஏதும் இல்லை. பல் துலக்கும் பசையிலிருந்து பனியன் வரையில் அதை ஒட்டி விற்கிறார்கள் என்பதால் பொருள்களின் சுபாவம் மாறிவிடுவதில்லை.

இளநீர் அரிவாளின் பிடிக்கு என்ன வேலை இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வீச்சின் ஆரம் அரை மீட்டர் என்றும், வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்றும் ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், வளைந்து செல்லும் அந்தக் கணத்தில் அரிவாள் தன் எடையைப்போல் 5 மடங்கு விசையோடு கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கிறது. பிடியின் வால்முனையை ஆசாரி சற்றே புடைப்பாகக் கடைந்து வைப்பது இந்த ஓட்டத்துக்குக் கடைசித் தடையாகத்தான். ஆனால் கடைசித் தடை வரையில் விஷயத்தை வளரவிடுகிறவன் நெடுநாள் இளநீர் விற்க மாட்டான். நடுவில் காப்பாற்றுவது உராய்வு.

உராய்வு என்றதும் நம்மில் பலர் சொரசொரப்பை நினைக்கிறோம். பிடி எவ்வளவு முரடோ அவ்வளவு நன்றாக நிற்கும் என்பது பொதுஜன அபிப்பிராயம். கத்தி செய்கிற கம்பெனிகளின் அபிப்பிராயமும் அதுவே போலும், முதலைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக அச்சடித்து அனுப்புகிறார்கள். உண்மையில் பிடிக்கும் கைக்கும் இடையே நடப்பது வேறொரு சூட்சுமமான வியாபாரம். அதை விளக்க எனக்கு மயிலாப்பூர் அடுக்களையிலிருந்து ஓர் அப்பளம் வேண்டும்.

அப்போதுதான் பொரித்தெடுத்த அப்பளத்தை எவர்சில்வர் தட்டில் வையுங்கள். உடம்பெல்லாம் கொப்புளமாக எழும்பி விறைத்து நிற்கும் அது, தட்டைத் தொடுவது நாலைந்து கொப்புளங்களின் நுனியால் மட்டுமே. தட்டைச் சிறிது சாய்த்தால் சறுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதையே ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில் ஓர் இராப்பொழுது மூடாமல் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்: நமுத்துப்போய், விறைப்பெல்லாம் விட்டு, தட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தானும் வளைந்து, நாலைந்து நுனிகளுக்குப் பதிலாக நானூறு இடங்களில் அதை ஸ்பரிசித்துக்கொண்டு படுத்திருக்கும், இப்போது தட்டைச் சாய்த்தாலும் சட்டென்று நகராது. அதே அப்பளத்தின்மேல் இரண்டு கரண்டி ரசத்தை ஊற்றினாலோ, அப்பளத்துக்கும் தட்டுக்கும் நடுவே ரசம் புகுந்துகொள்ள, பழையபடி மிதந்து வழுக்கத் தொடங்கும். விறைத்த அப்பளம் பிடிக்காது, நமுத்த அப்பளம் பிடிக்கும், ஊறிய அப்பளம் மறுபடியும் பிடிக்காது.

உள்ளங்கைத் தோலின் மேற்படலம் கெரட்டின் என்னும் புரதத்தாலான ஓர் அப்பளமே. உடம்பின் மற்ற இடங்களில் மயிரிழையைக் காட்டிலும் மெல்லியதாக உள்ள இப்படலம், உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் பல மடங்கு தடித்திருக்கிறது. உலர்ந்த நிலையில் அது கண்ணாடிபோல் விறைப்பானது. பிடியை அதன் மேடுகளின் உச்சிகளால் மட்டும் தொடுகிறது. ஈரம் உள்ளே இறங்கியதும், நீர் மூலக்கூறுகள் புரதச் சங்கிலிகளுக்கிடையே நுழைந்து அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்த, தோல் நெகிழ்ந்து தொடும் பரப்பு பெருகுகிறது. பரப்பு பெருகப் பெருக இரு பொருள்களின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று பற்றும் இடங்களும் பெருகி, உராய்வு ஏறுகிறது. நீர் அதற்கும் மிஞ்சினால் நடுவே படலமாகத் தேங்கி, பற்றுதலை அறுத்துவிடுகிறது. அப்பளத்தில் உளுந்து மாவு, இங்கே கெரட்டின். சரக்கு வேறே தவிர, நீர் புகுந்து விறைத்ததை நெகிழ வைக்கும் பௌதிகம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே இதை வெறும் உவமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிரண்டை அப்பளத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் தாங்களே பரிசோதித்து எழுதலாம்.

சரித்திரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். 1699-ல் பாரிஸில் அமோன்தோன் என்பவர், உராய்வு என்பது அழுத்தும் பாரத்தைப் பொறுத்ததே அன்றித் தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று விதி சொன்னார். 1785-ல் கூலோம் அதை விரிவுபடுத்தினார். இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சொற்பமான பகுதியே மெய்யாகத் தொட்டுக்கொள்கிறது என்பதையும், பாரம் ஏறினால் பெருகுவது அந்த மெய்யான பரப்பே என்பதையும் காட்டி, பழைய விதிக்குள் பரப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று எடுத்து வைத்தவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை செய்த பவுடனும் டேபரும். அவர்களுடைய நூல் 1950-ல் வெளிவந்தது. நம் பக்கத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கின்றன; திருப்பாச்சேத்தி அரிவாளின் கீர்த்தி ஊரறிந்தது. ஆனால் இரும்பு மிஞ்சுகிறது, மரம் மக்கிவிடுகிறது; பிடியின் சரித்திரத்தை எழுத வேண்டிய சாட்சியைக் கரையான் தின்றுவிட்டது.

மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொள்வதை நாகரிகக் குறைவு என்று முகம் சுளித்தவர்கள், இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். உலர்ந்த தோலை அவர் நமுக்க வைக்கிறார். இளநீர்க்காரருக்கு அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அவை வெயிலைக் காட்டிலும் மனக்கிளர்ச்சிக்கே அதிகம் கட்டுப்பட்டவை. பரீட்சை மண்டபத்தில் பேனா பிசுபிசுப்பது இதனால்தான். மரத்தில் தொங்கி வாழ்ந்த நம் மூதாதையருக்கு, பயம் வந்த கணத்தில் பிடி இறுகுவது உயிர் காக்கும் ஏற்பாடாக இருந்திருக்கலாம். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஆச்சரியமான செய்தி இருக்கிறது: ஒரு பொருளை எடுத்துக் கையாளும்போது, விரல் நுனியின் ஈரம் எந்த அளவில் மிகக் குறைந்த பலத்தால் பிடிக்க முடியுமோ அந்த அளவை நோக்கித் தானாகவே நகர்கிறதாம்.

அதை நகர்த்துவதில் கைரேகைக்குப் பங்கு உண்டு. ரேகைகள் சொரசொரப்பால் பிடியைக் கூட்டுகின்றன என்று பல காலம் சொல்லி வந்தார்கள். 2009-ல் மான்செஸ்டரில் அக்ரிலிக் தகட்டின்மேல் விரலை இழுத்துப் பார்த்தபோது, ரேகையின் பள்ளங்கள் தொடும் பரப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கவே செய்கின்றன என்று தெரிந்தது. அப்படியானால் பள்ளம் எதற்கு? தென் கொரிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் 2020-ல் காட்டிய விடை எனக்கு மிகவும் பிடித்தது. வியர்வைத் துளைகள் ரேகை மேடுகளின்மேல் வரிசையாக இருக்கின்றன; அழுத்திப் பிடித்ததும், நெகிழ்ந்த மேடு பிடியோடு ஒட்டித் துளையை அடைத்துவிடுகிறது, மேலும் வியர்வை வருவது நிற்கிறது; உபரி நீர் பள்ளங்கள் வழியே ஆவியாகிப் போகிறது. திறப்பதற்கு மதகு, வடிவதற்குக் கால்வாய், நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும் கதவு. ஒரு மழைக்கே முழங்கால் நீரில் நிற்கும் தியாகராய நகரின் வடிகால்களைப் பார்த்துப் பழகியவனுக்கு விரல் நுனியின் பொதுப்பணி நிர்வாகம் பொறாமையை உண்டாக்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் ஊறிய விரல் சுருங்குவது ஈரப் பொருளைப் பிடிப்பதற்காகவே என்று 2013-ல் நியூகாஸிலிலிருந்து வந்த செய்தி உலகப் பத்திரிகைகளை எல்லாம் சுற்றியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு செய்த பரிசோதனையில் அந்த அனுகூலம் தென்படவில்லை, அதை எத்தனை பேர் அச்சிட்டார்கள்? சுருக்கம் நரம்பின் ஆணையால் உண்டாகிறது, நரம்பு அறுபட்ட விரல் சுருங்காது என்பது நிச்சயம். அது எதற்காக என்பதில் அவசரம் வேண்டாம்.

ஈரம் மிஞ்சியபோது செய்யத்தக்கவை இரண்டே: உறிஞ்சுவது, அல்லது வழிய விடுவது. விரால் மீனைக் கையில் நிறுத்த மீன்காரப் பெண்கள் சாம்பலில் புரட்டுவது முதல் வகை. 1986-ல் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த டெஸ்ட் பந்தயத்தில், ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்து முடிப்பதற்குள் உடம்பிலுள்ள நீரையெல்லாம் இழந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அந்த மைதானத்தில் மட்டை பிடிக்கிறவர்கள் நனைந்த கையுறையை மாற்றிக்கொண்டே இருப்பதும் அதே காரணத்தால்தான். கத்திப் பிடியில் பருத்தி நூலைச் சுற்றினாலும் உறிஞ்சும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்து, மீன் நாற்றத்தை நிரந்தரமாகக் குடிவைத்துக்கொள்ளும்.

சைக்கிள் ட்யூப் இரண்டாம் வகை. ரப்பர் நீரைக் குடிக்காது; ஆனால் அமோன்தோன் விதிக்கு அடங்காத பொருள் அது, தோலின் மேட்டுக்குத் தக்கபடி தானும் குழிந்து மெய்யான பரப்பைக் கூட்டிக்கொள்கிறது. சுற்றுக்குச் சுற்று விழும் படிகளோ நீர் ஒதுங்க வாய்க்காலாகின்றன. கை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதும் இதைப் பொறுத்ததே: 1984-ல் ஸ்வீடன் நாட்டு ஜோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் உப்புத்தாள், மெருகிடாத தோல், பட்டு ஆகியவற்றைப் போர்த்திய பொருள்களைத் தூக்கச் சொல்லி அளந்தபோது, வழுக்கலுக்குத் தக்கபடி விரல்கள் அழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைத்து, நழுவாமலிருக்கத் தேவையானதற்குச் சற்று மேலே மட்டும் நிறுத்துவதைக் கண்டார்கள். விரலை மரத்துப்போகச் செய்தால் இந்தச் சாமர்த்தியம் போய்விடுகிறது. வழுக்கும் பிடி நாள் முழுவதும் அதிக அழுத்தத்தைக் கேட்கும். மாலையில் மணிக்கட்டு வலிக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று பிடியையே ஒழித்துவிட்டவர்கள் நம் பாட்டிமார்கள். அரிவாள்மணையில் கத்தி அசையாமல் நிற்கிறது, காலோ தொடையோ மணையை அழுத்துகிறது, கை காயை மட்டும் பிடிக்கிறது. குனிந்து உட்கார முழங்கால் இடம் கொடுப்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த யோசனை என்னிடம் இல்லை.

மற்றவர்கள் முதலில் பிடியிலுள்ள எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நல்லெண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தால் மேலே சொன்ன சாஸ்திரம் எதுவும் செல்லாது. மரப்பிடியானால் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். ட்யூப் சுற்றுவதானால் நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அழுத்தி நறுக்கும் சமையல் கத்தியில் கை அலகை நோக்கி வழுக்கும். ஆகையால் வால்முனையில் தொடங்கி அலகுப் பக்கம் முடித்தால், மேற்சுற்றுகளின் விளிம்பெல்லாம் கையை எதிர்த்து நிற்கும். வீசி வெட்டும் அரிவாளுக்கு நேர் எதிர், அலகுப் பக்கம் தொடங்கி வாலில் முடிக்க வேண்டும்.

இதையெல்லாம் காகிதத்தில் படம் போட்டுக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு, லஸ் அருகே வழக்கமாக நான் இளநீர் குடிக்கும் வண்டிக்காரரின் அரிவாளை வாங்கிப் பார்த்தேன். அலகுப் பக்கம் தொடங்கி, பாதிப் பாதியாக மூடி, வாலில் முடிந்திருந்தது. ஏன் இப்படி என்றேன்.

“இப்டி சுத்துனாதான் சார் நிக்கும்” என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை லுங்கியில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு அடுத்த காயை எடுத்தார்.