பன்னிரண்டில் சுற்றும் கிட்டார்

நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்கு ஊரை எழுப்பத் தாயிராக் கொட்டைத் தட்டிப் பாடி வரும் பக்கீரை மேலப்பாளையத்துக்காரர்களுக்குத் தெரியும். பாட்டுதான் முதல், கொட்டு அதைத் தாங்கிப் போகும். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில், பெரும்பாலும் ஜிப்சிக் குடும்பங்களின் கையில் வளர்ந்த ஃபிளமெங்கோவிலும் அப்படித்தான். அங்கே தாயிராவின் வேலையையும் சேர்த்துச் செய்வது கிட்டார்.

அதற்கேற்பவே கிட்டாரையும் செய்கிறார்கள். முதுகும் பக்கங்களும் கனமில்லாத சைப்ரஸ் மரம், முகப்பு ஸ்ப்ரூஸ். தந்திகள் தாழ்ந்து கிடக்கும். ஓசை சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், நீண்டு ரீங்கரிக்காது. வாசிக்கும்போதே விரலால் முகப்பைத் தட்டுவதால், மரம் தேயாமலிருக்க மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். விரல்களை ஒவ்வொன்றாகத் தந்திகளின் மேல் உதறுவது ரஸ்கெயாதோ. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடி ஒற்றைச் சுரங்களைப் பொழிவது பிகாதோ.

தாளம்தான் ஃபிளமெங்கோவின் உயிர். புலேரியாஸ் என்ற வகையில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. நான்கு மும்மூன்றாகப் பிரித்தால் பிடிபடாது. 'தகிட தகிட தக தக தக' என்று சொல்லி, ஒவ்வொரு 'த'விலும் கை தட்டிப் பாருங்கள். மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

இந்தக் கைவேலையை உலகமெங்கும் கொண்டுபோனவர் பாக்கோ தெ லூசியா. 1947இல் அல்ஹெசிராஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். கிட்டார் வாசித்த அப்பா, மகனைச் சிறு வயதிலேயே மணிக்கணக்கில் சாதகம் செய்ய வைத்தார். பிறர் வாசித்ததையே வாசிக்காதே, சொந்தமாகச் செய் என்று இளம் பாக்கோவுக்குச் சொன்னவர் மூத்த கலைஞர் சபிகாஸ். என் கணிப்பில், பாக்கோவின் உச்சம் தனி வாசிப்பில் இல்லை. பாடகர் காமரோன் தெ லா இஸ்லாவோடு 1969 முதல் 1977 வரை பதிந்த இசைத்தட்டுகளில்தான் அது இருக்கிறது. குரல் ஏறும் இடத்தில் கிட்டார் ஒதுங்கும், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சின்னதொரு பிகாதோ வந்து போகும். வேகத்துக்குப் பேர்போன ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பது பெரிய விஷயம். எழுபதுகளின் கடைசியில் பெரு நாட்டில் கண்ட கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்தையும் தன் குழுவில் சேர்த்தார். இன்று அது இல்லாத ஃபிளமெங்கோ மேடை அபூர்வம். 2014இல் மெக்சிகோவில் காலமானார்.

கேட்கத் தொடங்குபவர்கள், 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பதிவான பாக்கோவின் கச்சேரியை எடுக்கலாம். உடன் வாசித்த கிட்டார் கலைஞர்களில் ஜான் மெக்லாஃப்லின், விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் இருந்தவர், எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். முதல் உருப்படியில் பாக்கோவும் மற்றொருவரான ஆல் டி மியோலாவும் மட்டும். ஒருவர் சுரங்களில் ஓடும்போது மற்றவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாமவர் கையைக் கவனியுங்கள்.