‘எதிர்ப்பு’ என்னும் கலைச்சொல்லும் மாணவர் பொருளுணர்வும்

நோயெதிர்ப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பி, மருந்தெதிர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே வினையடியிற் பிறந்த கலைச்சொற்கள். எனினும் அவற்றின் வினைமுதல் வேறு. முதலாவதில் எதிர்ப்பது உடல், இரண்டாவதில் மருந்து, மூன்றாவதில் பாக்டீரியா. ‘எதிர்ப்பி’ என்பதில் இகர விகுதி வினைமுதலைச் சுட்டுகிறது. ஏனைய இரண்டிலும் அது மறைந்து நிற்கிறது. எனவே, நோயெதிர்ப்பை முன்னரே கற்ற மாணவர் மருந்தெதிர்ப்பையும் உடலின் இயல்பாகக் கொள்ள இடமேற்படுகிறது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வொன்றை உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்டது. அதில் 76 விழுக்காட்டினர், உடலே மருந்தெதிர்ப்புப் பெறுகிறது எனக் கருதினர். அவ்வாறு கருதுவோர், மருந்தை அடிக்கடி உண்ணாதவர்க்கு இடரில்லை என்று எளிதில் முடிவு செய்வர். உண்மையில், எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா அம்மருந்தை ஒருமுறையும் உண்ணாதவரையும் தொற்றும்.

‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்னும் வழக்கு மேலும் மயக்கம் தருவது. நுண்ணுயிரை எதிர்த்தல், நுண்ணுயிர் தானே எதிர்த்தல் என இருவகையாகவும் அது விரியும். தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரையான பொருள்களுக்கு இடந்தரும் என்பது நன்னூலார் கருத்து. அறிவியற் பாடத்தில் அவ்விடம் அடைக்கப்பட வேண்டும். முதன்முறை வருமிடத்திலேனும் ‘மருந்தை எதிர்த்துப் பிழைக்கும் பாக்டீரியாவின் திறன்’ என வினைமுதல் தோன்ற விரித்தெழுதுவது மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.