தரவுத்தளமும் பதிப்பெண்ணும்

கணினிச் செய்நிரலொன்று பழுதுபடின், அதனை நீக்கிப் புதியதொன்றை இடுதல் எளிது. அது காத்துவந்த தரவுகளோ அத்தன்மையன அல்ல. பல்லாண்டு முயற்சியாற் சேர்ந்த அவை அழியின் மீட்டல் அரிது. ஆதலின், தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுதல், மக்கள் குடியிருக்கும் வீட்டைத் திருத்திக் கட்டுதல் போன்றதாம்.

தரவுகளை நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக நோக்கும் முறைக்கு 1970ஆம் ஆண்டில் அடிகோலியவர் எட்கார் கொட் என்னும் அறிஞர். எவ்வட்டவணையில் எந்நிரல்கள் உள என்பதே தளத்தின் அமைப்பு எனப்படும்.

மாணவர் பதிவேட்டுச் செய்நிரலொன்றை எடுத்துக்கொள்வோம். முதற் பதிப்பில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. இரண்டாவதிற் பிறந்த திகதி சேர்ந்தது. ஒருவர்க்குப் பல தொலைபேசிகள் உண்டாதலின், மூன்றாவதில் அவ்வெண்கள் தனி அட்டவணைக்கு மாறின. முதற் பதிப்பையே வைத்திருந்தவர் நேரே மூன்றாவதைப் பெறுவாராயின், அவரது தளத்தின் நிலையைச் செய்நிரல் எங்ஙனம் அறியும்?

தளமே தன் பதிப்பெண்ணைத் தாங்கி நிற்றல் வேண்டும் என்பதே விடை. 2000ஆம் ஆண்டில் றிச்சேட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைற் தரவுத்தளக் கோப்பின் முதல் 100 பைற்றுகளுள், இதற்கென ஒரு முழுவெண்ணுக்கு இடமுண்டு. தொடக்கத்தில் அது 0 ஆகும். செய்நிரல் தளத்தைத் திறந்ததும் அவ்வெண்ணை நோக்கும். அது 1 எனின், இரண்டாம் பதிப்புக்குரிய படியையும் மூன்றாம் பதிப்புக்குரிய படியையும் முறையே இயற்றி, எண்ணை 3 என மாற்றும்.

ஈண்டுப் பேணவேண்டிய விதிகள் மூன்று. முதலாவது, படியும் எண்மாற்றமும் பிரியாத ஒரே செயலாக நிகழ்தல் வேண்டும். தொலைபேசி எண்களைப் பெயர்த்தெழுதிய பின், பதிப்பெண் மாறுமுன் மின்சாரம் நின்றால், அப்படி மீண்டும் நிகழ்ந்து, ஒவ்வோர் எண்ணும் இருமுறை பதிவாகும். எஸ்கியூலைற் இடைநின்ற செயலை முற்றாக மீட்டுவிடும்; மைஎஸ்கியூஎல்லிலோ அமைப்பை மாற்றும் கட்டளைகளிற் பல உடனே நிலைபெற்றுவிடும். ஆகவே முன்னரே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, வெளியிட்ட படியைப் பின்னர்த் திருத்தலாகாது. திருத்தின், ஒரே எண் தாங்கிய இரு தளங்கள் வெவ்வேறு அமைப்புடையனவாகும். பிழையைப் புதியதொரு படியாலேயே களைதல் வேண்டும்.

மூன்றாவது, ஒரே எண்ணை இருவர் தம் படிகளுக்கு இடலாகாது. இவ்விடரை நீக்கவே, ரூபி ஒன் றெயில்ஸ் 2008ஆம் ஆண்டில் வரிசையெண்ணை விடுத்து, படி எழுதப்பட்ட நேரத்தையே எண்ணாகக் கொண்டது.

பதிப்பெண் சிறியதே, எனினும் அது பொய்க்குமாயின், அதனை நம்பி இயங்கும் செய்நிரல் தரவுகளைத் தானே சிதைத்துவிடும்.