மருட்கையும் காண்போரும்: 'லா ஜெத்தே' என்னும் குறும்படம்

மெய்ப்பாடு ஆடுவோனுக்கு உரியதா, காண்போனுக்கு உரியதா என்னும் வினா நம் புலத்திற்குப் பழையது. அச்சமுற்றான் ஒருவனது உள்ளத்து நிகழ்ச்சி அவன் மெய்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு எனக் கொண்டார் இளம்பூரணர். அவர் கூத்தினை மனத்துட்கொண்டு கூறினார். உடல் அசைவே இல்லாத ஒரு கலைப்படைப்பில் மெய்ப்பாடு எவ்வழிப் புறப்படும், காண்போரை எவ்வழிச் சென்று சேரும் என்று வினவினால் விடை எளிதன்று. அவ்வினாவிற்கு இடந்தரும் படைப்பு ஒன்று பிரான்சு நாட்டில் 1962ஆம் ஆண்டில் தோன்றியது. கிறிஸ் மார்க்கர் ஆக்கிய 'லா ஜெத்தே' என்னும் குறும்படமே அது.

இருபத்தெட்டு நிமிடமே ஓடும் இப்படம், ஏறத்தாழ முழுவதும் அசையாத நிழற்படங்களால் ஆயது. மாந்தர் நடவார், வாய் திறந்து உரையாடுதலும் இல்லை. ஜான் நெக்ரோனி என்பாரின் குரல் ஒன்றே கதையைச் சொல்லிச் செல்கின்றது. பாரிசு நகரின் ஓர்லி விமான நிலையத்தில், விமானங்களைக் காண்பதற்கென அமைந்த நெடிய மேடையில் ஒரு சிறுவன் நிற்கின்றான். ஒரு பெண்ணின் முகத்தையும், ஒருவன் வீழ்ந்து இறப்பதையும் காண்கின்றான். பின்னர் மூன்றாம் உலகப்போர் மூண்டு நகர் அழிகின்றது. நிலத்தடியில் வாழும் வெற்றியாளர், சிறைப்பட்டோரைக் காலத்தினூடே செலுத்த முயல்கின்றனர். அப்பெண் முகத்தின் நினைவை விடாது பற்றியிருந்த ஒருவன் அதற்கு ஏற்றவன் எனத் தெரிந்தெடுக்கப்படுகின்றான். சென்ற காலத்தில் அவளைக் கண்டு பழகுகின்றான். வருங்காலத்திற்கும் சென்று மீள்கின்றான். இறுதியில் அம்மேடைக்கே திரும்பி அவளை நோக்கி ஓடுங்கால் கொல்லப்படுகின்றான். சிறுவயதில் தான் கண்ட சாவு தன் சாவே என அந்நொடியில் உணர்கின்றான்.

இக்கதையைக் கேட்ட அளவில் எழும் வியப்பு ஒன்று. ஒருவன் ஒரே இடத்தில் சிறுவனாகவும் ஆடவனாகவும் நிற்றல் கூடுமோ என்பதே அது. பலரும் இப்படத்தின் மறைபொருள் இம்முரணில் உள்ளது என எண்ணி, காலக்கணக்கை அவிழ்க்க முற்படுகின்றனர். அம்முயற்சி பயனற்றது என்று கூறோம். ஆயினும் அது கதையைப் பற்றியதேயன்றிப் படத்தைப் பற்றியதன்று. இக்கதையினின்று ஊக்கம் பெற்று டெர்ரி கில்லியம் 1995இல் இயக்கிய 'டுவெல்வ் மங்கீஸ்' என்னும் முழுநீளப்படம் இதற்குச் சான்றாகும். சிறுவன் கண்ட சாவும், விமான நிலையமும், காலச் செலவும் அதன்கண் உள்ளன. எனினும் 'லா ஜெத்தே'யைக் கண்டோர் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசும் ஒன்று அதன்கண் இல்லை.

அவ்வொன்று யாது? படத்தின் நடுப்பகுதியில் அப்பெண் படுக்கையில் துயில்கின்றாள். அவள் முகத்தின் நிழற்படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து மாறுகின்றன. கதை சொல்லும் குரல் அடங்கிப் பறவைகளின் ஒலி மிகுகின்றது. படங்கள் மாறும் இடைவெளி குறுகிக்கொண்டே வருகின்றது. அப்போது அவள் கண் விழிக்கின்றாள். நம்மை நோக்கி இமைக்கின்றாள். படம் முழுவதிலும் உண்மையாக அசைவது இஃதொன்றே. அதுவும் சில நொடிகளே. உடனே பறவையொலி அறுபட்டு, ஆய்வு நடத்துவோனின் முகம் தோன்றிவிடுகின்றது. நிழற்படங்களைச் சிறிய கருவி ஒன்றினால் எடுத்த மார்க்கர், இவ்வொரு காட்சிக்காகத் திரைப்படக் கருவி ஒன்றை ஒரு மணி நேரத்திற்கு இரவல் பெற்றார் எனப் பின்னாளில் தாமே கூறியுள்ளார். வறுமை என்பதா, திட்டம் என்பதா? இரண்டும் கலந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

யாம் இதனை முதன்முறை கண்டபோது நேர்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். குறிப்பெழுதும் பழக்கத்தால் அந்நேரம் தாளின்மேல் குனிந்திருந்தோம். உடன் இருந்த நண்பர் மெல்ல மூச்செறிந்தது மட்டும் கேட்டது. படம் முடிந்தபின் அவர் 'அவள் விழித்தாளே' என்றார், யாம் நம்பவில்லை. ஒளி நடுங்கியதை அவர் அசைவாகக் கொண்டார் போலும் என்று வழக்காடினோம். மறுமுறை கண்டபோதே எம் பிழை விளங்கியது. கண்டோரிலும் சிலர் உடனே ஐயுறுகின்றனர் என்பதையும் பின்னர் அறிந்தோம். தாம் கண்டது அசைவா, தம் மனத்தின் விருப்பமா என்று அவர்க்குத் துணிய இயலவில்லை.

தொல்காப்பியர் மருட்கைக்கு நிலைக்களனாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு கூறினார். அறிவியற் புனைவு என்றவுடன் நாம் எதிர்பார்ப்பன முதலிரண்டே: புதிய பொறிகள், பேரழிவுகள், விண்வெளியின் அகலம். இப்படத்திலோ பொறி எனச் சொல்லத்தக்கது கண்களை மூடிய ஒரு கட்டும் சில கம்பிகளுமே. இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் பல்லார்டு 1966இல் 'நியூ வோர்ல்ட்ஸ்' இதழில் இதனை மதிப்பிட்டபோது, அறிவியற் புனைவு வழக்கமாகத் தோற்கும் இடத்திலேயே இப்படம் வெல்கின்றது எனப் பாராட்டினார். அவ்வெற்றி பிற்கூறிய இரண்டினால் வந்தது என்பது எம் துணிபு. சிறுமையாவது மிக நுண்ணியது கண்டு வியத்தல். ஓர் இமைப்பினும் நுண்ணிய அசைவு யாதுளது? ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் கண்டு வியத்தல். ஈண்டு நிழற்படம் உயிர்ப்படமாகத் திரிகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். எல்லாத் திரைப்படங்களிலும் மாந்தர் இமைக்கின்றனர். அவற்றைக் கண்டு எவரும் மருளவில்லையே எனின், அது சரியே. நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்னும் கணக்கில், 28 நிமிடத்தில் ஏறத்தாழ 40,000 சட்டங்கள் ஓடுகின்றன. அசையாத முகத்தைக் காட்டும்போதும் படச்சுருள் ஓடிக்கொண்டேதான் உள்ளது. அவ்வோட்டத்தைக் காண்போர் மறந்திருக்குமாறு பல நிமிடம் பழக்கிய பின்னரே மார்க்கர் அவ்விமைப்பை வைத்தார். ஆகவே மருட்கை இமைப்பினின்று மட்டும் பிறப்பதன்று. காண்போர் முன்னரே பெற்ற பழக்கம் முறிவதினின்று பிறக்கின்றது. நடிகை எலென் சாத்தலேன் அக்காட்சியில் வியப்பு எதனையும் புலப்படுத்தவில்லை, அமைதியாகவே நோக்குகின்றார். மருளுவோர் காண்போரே. ஆடுவோன்பால் இல்லாத மெய்ப்பாடு காண்போன்பால் தோன்றுதலை இளம்பூரணர் விளக்கம் எவ்வாறு தழுவும் என்பது மேலும் ஆராயற்பாலது. 'அவள் நோக்குவது அவனையே. அவன் அடைந்த உணர்வே நம்மை வந்து சேர்ந்தது' என விடை கூறுவாரும் உளர். ஆயின் அவள் விழிக்கும்போது அவன் அங்குளன் எனப் படம் காட்டவில்லை; குரலும் கூறவில்லை.

1963இல் ஜான் வீகோ பரிசு பெற்ற இப்படம், கண்டோரைத் தொடர்ந்து பற்றி வந்துள்ளது. தோக்கியோ நகரின் சிஞ்சுக்குப் பகுதியில் சிறிய மதுக்கடை ஒன்று இதன் பெயரையே தாங்கியது. விம் வெண்டர்ஸ் தம் 'தோக்கியோ-கா' என்னும் 1985ஆம் ஆண்டுப் படத்தில் மார்க்கரை அக்கடையிலேயே சந்திக்கின்றார். இனி, இறுதிக் காட்சியை இந்நோக்கில் மீளக் காண்க. மேடையில் அவன் ஓடுங்கால், தானாக இருந்த அச்சிறுவனும் விமானங்களைப் பார்த்தவாறு அங்கு நிற்றல் வேண்டும் என அவன் நினைப்பதாகக் குரல் கூறுகின்றது. வீழ்வோன் அவனே, அவ்வீழ்ச்சியைக் கண்டு வாழ்நாள் முழுதும் மறவாதிருந்தவனும் அவனே.